செவ்வாய்க்கிழமைப் புருவங்கள்

பிரேசர் டவுனில் எங்கள் பியூட்டி பார்லருக்கு வருகிற பெண்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாத சங்கதியை எங்களிடம் சொல்லிவிடுவார்கள். அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நாற்காலியைச் சாய்த்து, கண்ணை மூடச் சொல்லி, நெற்றியில் பவுடர் தடவினால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார், மூட்டுவலி, மாதவிடாய், மருமகன் எல்லாம் வரிசையாக வந்து விழும். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு நானும் பாதி டாக்டராகிவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்தப் பாதி டாக்டர் செய்த கெடுதலையும் இங்கே சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் வள்ளியம்மா. கதை என்னுடையது இல்லை, என்னோடு வேலை பார்க்கும் பாஞ்சாலியுடையது.

பாஞ்சாலி கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த ஊரில் பாதிப் பேர் செய்ததையே அவளும் செய்தாள். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து, ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிப் போனாள். அந்த ரயிலில் தினமும் அதே பெண்கள், அதே இடம். ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி கீரை ஆய்வாள். பாஞ்சாலி நூல்கண்டை எடுத்துக்கொண்டு, நூலை முறுக்கி முடி எடுக்கிற த்ரெட்டிங் பழகினாள். முதலில் தன் கால் முடியில் பழகி, பிறகு துணிந்து முகத்தைக் கொடுத்த சிநேகிதிகளின் புருவத்தில் கை வைத்தாள். பங்காருபேட்டையில் ஆரம்பித்தால் ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் நாலு பேருக்கு முடித்துவிடுவாளாம். ஆடுகிற ரயிலில் ஒருத்தி புருவமும் வெட்டுப்பட்டதில்லை.

குணசேகரைக் கல்யாணம் செய்துகொண்டு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்த பிறகு எங்கள் பார்லருக்கு வேலை கேட்டு வந்தாள். அது நடந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். எங்கள் முதலாளி பார்கவி மேடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதல்ல வள்ளிக்குப் பண்ணு, நோடோணா, பாக்கலாம்" என்றாள். நான் போய்ப் படுத்தேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் என் முகத்துக்கு இத்தனை வருஷம் யாரோ தப்பான புருவத்தை மாட்டி வைத்திருந்ததுபோல் இருந்தது. வாடிக்கையாளர்களின் பெயர் அவளுக்கு மறந்துபோகும், புருவம் மறக்காது. "இடது பக்கம் தழும்பு இருக்குமே, அந்த ஆன்ட்டி வந்தாங்கோ" என்றுதான் சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கடையில் ஈ ஓட்டும் நேரம். அன்றைக்கு முடியில் கை வைக்கக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அதனால் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் ஒருவருக்கொருவர் பண்ணிக்கொள்வோம். அவள் எனக்கு, நான் அவளுக்கு. பதினோரு வருஷம் ஒரு வாரம் தவறியதில்லை.

போன வருஷம் தீபாவளி கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை என் புருவத்தை முடித்தாள். எழுந்து, "இப்போ நீ படுடி" என்றேன்.

"வேணாங்க்கா. வீட்லயே கண்ணாடி பாத்து பண்ணிகினேன்."

அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது வாரம் எனக்குச் சுருக்கென்றது. ஓஹோ, நம்ம கை இவளுக்கு ஆகாமல் போய்விட்டதா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். "அப்போ எனக்கும் நீ பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் நூல்கண்டை டிராயரில் வைத்தாள். வேறு யாரிடமும் முகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, வீம்பை விட்டு அவளிடம் போய்ப் படுக்கவும் முடியவில்லை. என் புருவம் பாட்டுக்கு வளர ஆரம்பித்தது. "பார்லர்ல வேலை செய்றவ முகமா இது?" என்று பார்கவி மேடம் தலையில் அடித்துக்கொள்வாள்.

கோபத்தில் இருந்தாலும் கண் பார்த்துக்கொண்டுதானே இருக்கும். பாஞ்சாலி முன்போல் இல்லை. ஏப்ரல் மாசத்து வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் ஏ.சி.யைப் போட, அவள் போய் நிறுத்த, ரிமோட்டுக்கு ஒரே சண்டை. முகம் உப்பிக்கொண்டே வந்தது. செருப்பு கடிக்கிறது என்று ஒரு சைஸ் பெரியதாக வாங்கினாள். குரல் கட்டிப்போய், போனில் பேசினால் யாரோ ஆண்பிள்ளை பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் ஒரு கொத்து முடி வந்தது. அதை விரலில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் கவுன்டரில் நெயில் பாலிஷுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். முடி, தோல், நகம் மூன்றுக்கும் நல்லது என்று மேலே எழுதியிருக்கும். காஸ்மெட்டிக் சாமான் கொண்டுவருகிறவர் தருவது. அதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடு. முடி கொட்டறது நிக்கும்."

"ஒண்ணுன்னுதானேக்கா போட்டிருக்கு?"

"உனக்கு கொட்டறது ரெண்டு பேருக்கு கொட்டற மாதிரி இருக்கு. ரெண்டு போடு."

சிரித்தாள். ஆறு மாசத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கொடுத்ததை அவள் ஒருநாள் தவறாமல் சாப்பிட்டாள்.

ஜூனில் அந்தக் காரியம் நடந்தது. சாயங்காலம் நிச்சயதார்த்தம் என்று ஒரு பெண் வந்து பாஞ்சாலியிடம் உட்கார்ந்தாள். பாஞ்சாலியின் விரல்கள் கொஞ்ச நாளாகவே மரத்துப்போய்க்கொண்டிருந்தன, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நூல் ஒரு இழுப்பு அதிகமாக இழுத்தது. அந்தப் பெண்ணின் வலது புருவத்தின் வால் போயிற்று. கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தவள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய்ப் பென்சிலால் வரைந்து, கெஞ்சி, சமாதானம் செய்து அனுப்பினேன். பாஞ்சாலி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் நூல் தொங்கியபடி.

பார்கவி மேடம் கெட்டவள் இல்லை. கடை நடத்துகிறவள். "பாஞ்சாலி, இனிமே நீ த்ரெட்டிங் நாற்காலியைத் தொடாதே. துண்டு துவைக்கிற வேலை இருக்கு, இல்லன்னா வீட்ல ரெஸ்ட் எடு. மாசக் கடைசிக்குள்ள யோசிச்சு சொல்லு" என்றாள்.

அன்று பின்கட்டில் வைத்து அவளை உலுக்கினேன். "என்னடி ஆச்சு உனக்கு?"

"தெரியலக்கா. பத்து மணி நேரம் தூங்கறேன், எழுந்தா தூங்காத மாதிரியே இருக்குது. யாமினி கேக்குது, அம்மா நீ ஏன் எப்பவும் படுத்துகினே இருக்கேன்னு. இன்னா சொல்றது சொல்லு? நான் சோம்பேறி ஆயிட்டேனாக்கா?"

யாமினி அவள் மகள், அஞ்சாம் கிளாஸ். உடனே என்னுள் இருந்த பாதி டாக்டர் விழித்துக்கொண்டாள். குளிர், உப்பல், தூக்கம், கரகரத்த குரல். நாற்காலியில் படுத்து எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! "இது தைராய்டுடி. கண்ணை மூடிகினு சொல்வேன்" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நோய் என்று சொன்னதற்கு ஒருத்தி சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கோல்ஸ் பார்க் பக்கம் டாக்டர் டிரேவரின் கிளினிக் இருக்கிறது. நல்ல மனுஷன், கேட்டால் பதில் சொல்வார். போகிற அன்று பாஞ்சாலி முகத்துக்கு எல்லாம் போட்டுக்கொண்டு, பொட்டு வைத்து, கண் எழுதி, புருவம் தீட்டி, கல்யாணத்துக்குப் போகிறவள்போல் வந்தாள். பார்லர்க்காரிகள் நாங்கள் அப்படித்தான், சாவு வீட்டுக்குப் போவதானாலும் லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டுதான் போவோம். டாக்டரும், "இன்னா மா, நல்லாத்தானே இருக்கறே?" என்று சிரித்தபடியே ஆரம்பித்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார், எழுதிக்கொண்டார்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறியா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும், "அவ தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா டாக்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்குமே அந்த டப்பா ஞாபகத்துக்கு வரவில்லை. நெயில் பாலிஷ் பக்கத்தில் இருக்கிற பொருளை யார் மருந்துக் கணக்கில் வைப்பார்கள்?

மறுநாள் காலை லேப்பில் ரத்தம் கொடுத்தாள். வெறும் வயிற்றோடு வா, தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். அவளும் தண்ணீர் மட்டும்தான் குடித்தாள். அந்தத் தண்ணீரில் அன்றைய முடி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள்.

ரிசல்ட் நார்மல்.

குணசேகர் லிஃப்ட் மெக்கானிக். வானத்தைத் தொடுகிற அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் நின்றால் ஓடுகிற ஆள். அதிகம் பேசமாட்டார். அவள் எழுந்திருக்க முடியாத காலை வேளைகளில் யாமினிக்குச் சடை பின்னி, டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். ரிசல்ட் வந்த அன்று நார்மல் என்ற சந்தோஷத்தில் அரை கிலோ மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை அவள் வாயருகே நீட்டினாராம். அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

"நோய் இல்லன்னு சொன்னதுக்கு ஏன்க்கா அழறா?" என்று என்னிடம் போனில் கேட்டார். எனக்குப் புரிந்தது. நோய் இருந்தால் மாத்திரை இருக்கும். நோயே இல்லை என்றால் அவள்தான் தப்பு என்று ஆகிறது. மறுநாள் அதையேதான் அவளும் சொன்னாள். "உடம்புல ஒண்ணும் இல்லியாம். அப்போ இதுதான் நானாக்கா."

மாசக் கடைசியில் பார்கவி மேடத்திடம் போய், இந்தச் சனிக்கிழமையோடு நின்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். துண்டு துவைக்கும் வேலையும் வேண்டாம் என்றாள். மேடம் பாவம், இன்னும் ஒரு மாசம் யோசி என்றுகூடச் சொன்னாள். பாஞ்சாலி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பன்னிரண்டு வருஷமாகக் கடித்துப் பழகிய நூல்கண்டை என் டிராயரில் போட்டாள். "எனக்கு வேணாம்டி" என்று நான் கத்தினேன். அவள் துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். என் மனசு தாங்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மலர் என்று ஒரு பெண் அப்பர் லிப் எடுக்க வந்தாள். எங்கேயோ ஒரு லேப்பில் வேலை பார்க்கிறவள். முடி கொட்டுகிறது என்று அவளும் புலம்பினாள். விற்பனையில் நான் கெட்டிக்காரி. பல்லில் நூலைக் கடித்தபடியே, "அதோ அந்த டப்பா எடுத்துகிட்டுப் போங்க" என்றேன்.

"ஐயோ, இப்போ வேணாங்க்கா. அடுத்த வாரம் எனக்கு தைராய்டு டெஸ்ட் இருக்கு. அதுல பயோட்டின் வைட்டமின் இருக்குதில்ல? அது ரத்தத்துல இருந்தா ரிசல்ட் தப்பா வரும். டெஸ்டுக்கு முன்னாடி நிறுத்தணும்னு எங்க லேப்ல போர்டே மாட்டி வெச்சிருக்கோம்."

என் வாயிலிருந்த நூல் நழுவி அவள் முகத்தில் விழுந்தது. "தப்பான்னா எப்படி?" என்று கேட்டேன்.

"நோய் இருந்தாலும் நார்மல்னு காட்டும்க்கா சில நேரம்."

அவளுடைய மேலுதட்டில் பாதி முடிந்திருந்தது. மீதியை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த டப்பாவை எடுத்துப் பின்னால் இருக்கிற எழுத்தைப் படிக்கப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் முட்டியதில் எதுவும் தெரியவில்லை. நான் கொடுத்த மாத்திரை. அதுவும் ஒன்றுக்கு இரண்டு போடச் சொன்னவள் நான். தான் சோம்பேறி என்று அவளை நம்ப வைத்தது என் கைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிங்கராஜபுரத்துக்குப் போனேன். சனிக்கிழமை கடையில் எல்லார் முன்னாலும் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அன்றோடு அவள் வேலையை விட்டாயிற்று. மாடிப்படி ஏறும்போது என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். குணசேகர் கதவைத் திறந்தார். பாஞ்சாலி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலும் புருவம் தீட்டியிருந்தாள், அது எனக்கு அப்போது வினோதமாகப் படவில்லை. உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைத் திட்டு, நாலு வார்த்தை கேள் என்றும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "அப்போ திரும்பவும் டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றியா?"

"ஆமாம்டி. மாத்திரையை நிறுத்திட்டு எடுக்கலாம்."

"நான் வரலக்கா."

"ஏன்?"

"மறுபடியும் நார்மல்னு வந்துச்சின்னா? ஒரு வாட்டி கேட்டதே போதும். இன்னொரு வாட்டி அந்தப் பேப்பரை என்னால கையில வாங்க முடியாதுக்கா."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த குணசேகர் வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பாஞ்சாலி, இதோ பாரு. நான் லிஃப்ட் பாக்கப் போறேன் இல்ல, சில நேரம் போர்டுல எல்லா லைட்டும் சரியா எரியும். மீட்டர் கரெக்டா காட்டும். ஆனா உள்ள போய்ட்டு வர்றவங்க, ஏதோ சத்தம் வருதுப்பாம்பாங்க. நான் லைட்டைப் பாத்து நம்ப மாட்டேன், அவங்க சொல்றதைத்தான் நம்புவேன். நீ முடியலன்ற. முடியலதான். பேப்பர்ல இன்னா வந்தாலும் எனக்கு அதுதான். அன்னிக்கு மைசூர்பாக்கு வாங்கினேன் பாரு, அது என் தப்பு."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பாஞ்சாலி அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். தலையை எடுக்காமலே, "சரி, வரேன்" என்று முணுமுணுத்தாள்.

புதன்கிழமை மறுபடியும் டாக்டர் டிரேவரிடம் போனோம். டப்பாவையும் கையோடு கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்துப் படித்தார், புருவத்தை உயர்த்தினார். "ரெண்டு போட்டியா? டெஸ்ட் அன்னிக்கு காலைலயும் போட்டியா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது மா. டெஸ்ட்டைத்தான் ஏமாத்தும். இனிமே யாராச்சும் என்ன மாத்திரைன்னு கேட்டா, வாயில போடறது எல்லாத்தையும் சொல்லு. இது ஒரு வாரம் வேணாம், அப்புறம் ரத்தம் குடு" என்றார். பிறகு, "வேற ஏதாச்சும் மாறி இருக்கா? யோசிச்சு சொல்லு" என்றார்.

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல் முந்தானையை முறுக்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையில் அப்படியொரு வெட்கம்.

"அக்கா, உன் பையில க்ரீம் இருக்குதா?"

கோல்ட் க்ரீமும் பஞ்சும் இல்லாமல் நான் எங்கே போவேன்? எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என் பக்கம் நீட்டினாள். "நீயே எடு" என்றாள்.

புருவத்தின் மேல் க்ரீமைத் தடவி, பஞ்சால் மெல்லத் துடைத்தேன். பென்சில் கருப்பு வழிந்து வந்தது. கீழே எப்போதும் இருக்கிற புருவம் வரும் என்று பார்த்தேன். மூக்குப் பக்கம் இருந்தது. நடுவில் மெலிந்திருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, வெறும் தோல். இரண்டு பக்கமும் கடைசி மூன்றில் ஒரு பங்கு மழித்ததுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை என் கையில் முகத்தைக் கொடுக்காமல் அவள் மறைத்து வைத்திருந்தது இதைத்தான். நான் மாசக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததும் இதற்காகத்தான்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"ஊர்ல எல்லாருக்கும் புருவம் பண்றவ, எனக்கே புருவம் இல்லன்னு எப்படிக்கா சொல்லுவேன்?"

டாக்டர் எழுந்து வந்து ஜன்னல் பக்கம் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைத் தொட்டு எச்சில் விழுங்கச் சொன்னார். குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாக அசைந்து மெதுவாகத் திரும்பியது. "நீ இவ்ளோ அழகா வரைஞ்சுகிட்டு வந்தா எனக்கு எப்படி மா தெரியும்?" என்றார், கோபமில்லாமல். "ரத்தம் பாத்துதான் முடிவா சொல்லணும். ஆனா தைராய்டு கம்மியானா புருவ வால் இப்படிக் கொட்டறது உண்டு, இதை முதல் நாளே பாத்திருந்தா அந்த ரிசல்ட்டை நான் நம்பியிருக்க மாட்டேன்."

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் நான் என் பென்சிலை எடுத்தேன். வெறும் புருவத்தோடு பஸ்ஸில் போக அவளுக்குக் கூச்சமாக இருக்குமே. பாதையோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தி வைத்து வரைந்துவிட்டேன். போகிறவர் வருகிறவர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருநாளைக்கு மூன்று தடவை போன் செய்து, "வேற எதுவும் வாயில போடலியே?" என்று கேட்டேன். "இட்லி போட்டேன்க்கா" என்பாள். லேப்புக்கு நானே கூடப் போனேன். அங்கே ரத்தம் எடுக்கிற பையனிடம், "இவங்க இன்னைக்கு தண்ணி மட்டும்தான் குடிச்சாங்க, நான் சாட்சி" என்று சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ரிசல்ட் பேப்பரை பாஞ்சாலி பிரிக்கவில்லை. என்னையும் பிரிக்க விடவில்லை. நேராக டாக்டரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார். டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு, தைராய்டு குறைந்தால் அது ஏறுமாம்; நார்மல் நாலு, நாலரை வரைக்கும் என்றால், அவளுக்குப் பத்தொன்பது.

"தைராய்டு கம்மியாத்தான் வேலை செய்யுது மா. வெறும் வயித்துல தினமும் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி. ஆறு வாரம் கழிச்சு திரும்பப் பாக்கலாம். பொறுமையா இருக்கணும், ஒரே நாள்ல சரியாகாது."

பாஞ்சாலி அந்தப் பேப்பரை வாங்கி மடியில் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். "அப்போ நான் சோம்பேறி இல்ல?" என்று டாக்டரிடமே கேட்டாள்.

"இந்த நம்பரை வெச்சுகிட்டு இத்தனை மாசம் வேலைக்குப் போனியே, நானா இருந்தா கட்டிலை விட்டே எறங்கியிருக்க மாட்டேன்" என்றார் அவர்.

அவள் அழுதாள். இந்த முறை நான் தடுக்கவில்லை. வெளியே வந்து குணசேகருக்குப் போன் போட்டாள். "இன்னாங்க, எனக்கு நிஜமாவே நோய்தான்" என்று அவள் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் மைசூர்பாக்கு வந்தது, இந்தத் தடவை எனக்கும் ஒரு பெட்டி.

மாத்திரை சரியாக வேலை செய்ய நாளாயிற்று. நடுவில் ஒருமுறை டோஸைக் கூட்டினார்கள். முதலில் குரல் திரும்பியது, அப்புறம் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போயிற்று. அக்டோபர் கடைசியில் பார்கவி மேடமே அவள் வீட்டுக்குப் போன் செய்து, "பாஞ்சாலி, பாரம்மா, வந்துடும்மா, உன் நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்று கூப்பிட்டாள். முன்னால் சொன்னது சொன்னதுதான், ஆனாலும் இந்த ஒரு வார்த்தைக்காக அவளை நான் மன்னித்தேன்.

அவள் திரும்ப வந்த முதல் செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவினோம். நான் டிராயரைத் திறந்து அவளுடைய நூல்கண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, போய் நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் புருவத்தை யாரும் தொட்டு.

"இன்னாக்கா இது, புருவமா கம்பளிப்பூச்சியா?"

"வாயை மூடிகினு வேலையைப் பாருடி."

பல்லில் நூலைக் கடித்தால் பேச முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டாள். ஆரம்பிக்கும் முன் அவள் கை ஒரு நொடி தயங்கியது. அந்த நிச்சயதார்த்தப் பெண் ஞாபகத்துக்கு வந்திருப்பாள். நான் கண்ணைத் திறக்கவில்லை, இரண்டு விரலால் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தேன். நூல் வந்து தோலைத் தொட்டது. வலிக்கவே இல்லை.

முடிந்ததும் எழுந்து நின்றேன். இப்போ நீ படுடி என்று வழக்கம்போல் நான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அவள் நான் சொல்லக் காத்திருக்கவில்லை. தானே பஞ்சை எடுத்துப் பென்சில் கருப்பை அழுத்தித் துடைத்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்போ எனக்கு" என்றாள்.

பவுடரைத் தடவக் குனிந்தேன். வெறும் தோலாக இருந்த இடத்தில், இடது பக்கம் நாலு முடி, வலது பக்கம் மூன்று. குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி. வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி இன்னொரு தரம் எண்ணினேன். ஏழுதான்.

"எடுத்துட்டியாக்கா?" என்று கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"ஆச்சு" என்றேன். நூலை நான் இன்னும் கையில் எடுக்கவே இல்லை.